மச்சினனுக்கு 15,500, எனக்கு 41,000: கோரிக்கைப் பட்டியலில் யாருக்கு இடம்?

கேள்வி: வணக்கம் தோழர். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பெர்மனென்ட். சங்கத்தில் பொருளாளர். நாங்கள் 210 பேர், கான்ட்ராக்ட்டில் 380 பேர். இரண்டு வருடத்துக்கு முன்பு என் மனைவியின் தம்பி ஏஜென்சி மூலமாக உள்ளே வந்தான். இப்போது என் லைனிலேயே நிற்கிறான். அதே மெஷின், அதே டார்கெட். எனக்குக் கையில் 41,000 வருகிறது, அவனுக்கு 15,500. சம்பளத் தேதியன்று வீட்டில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் மூன்று வருட செட்டில்மென்ட் முடியப்போகிறது, புதுக் கோரிக்கைப் பட்டியல் தயாராகிறது. அதில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உயர்வு கேட்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். ‘அவர்களைச் சேர்த்தால் நம்ம பங்கு குறையும், அதோடு சட்டப்படி நாம் அவர்களுக்காகப் பேசவே முடியாது’ என்கிறார்கள். இரண்டும் உண்மையா? நான் என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

பதில்: தோழர், இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது சுலபம். பேச முடியாது என்பது தவறு. இந்தக் கேள்விக்கு 1960-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. பம்பாயில் ஸ்டாண்டர்ட் வாக்குவம் என்ற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அங்கே துப்புரவு வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தார்கள். அந்த முறையை எடுத்துவிட்டு அந்த வேலைக்கு நேரடியாக ஆள் எடுக்க வேண்டும் என்று கேட்டது யார் தெரியுமா? அங்கிருந்த நிரந்தரத் தொழிலாளர்கள். ‘வேறு ஒருவரின் ஆட்களைப் பற்றி நீங்கள் எப்படித் தகராறு எழுப்பலாம்?’ என்று கம்பெனி கேட்டது. ஒரே ஆலைக்குள் வேலை செய்கிறவர்களின் நிலைமை நிரந்தரத் தொழிலாளர்களையும் தொடுகிறது, ஆகவே இது தொழில் தகராறுதான் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1958-இல், திமாகுச்சி தேயிலைத் தோட்ட வழக்கிலும் இதே அடிப்படைதான்: யாருடைய வேலையில் உங்களுக்கு நேரடியான, உண்மையான நலன் இருக்கிறதோ அவருக்காக நீங்கள் தகராறு எழுப்பலாம். பழைய தொழில் தகராறு சட்டம் போய் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருந்தாலும், ‘எந்த ஒரு நபரின்’ வேலை நிபந்தனையைப் பற்றிய தகராறும் தொழில் தகராறே என்ற வார்த்தை அதிலும் அப்படியே இருக்கிறது. கமிட்டியில் யாராவது மறுபடி இதைச் சொன்னால் இந்த இரண்டு வழக்குகளின் பெயரைச் சொல்லுங்கள்.

இனி முதல் கேள்வி. பங்கு குறையுமா? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கணக்கைப் போட்டே பார்ப்போம்.

நீங்கள் வழக்கம்போல சதவீதத்தில் கேட்டு 20% வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 41,000-க்கு 8,200 கூடுகிறது. ஏஜென்சி ஆட்களுக்கும் பெரிய மனதோடு அதே 20% கிடைத்தால்கூட 15,500-க்கு 3,100 தான். முன்பு இருந்த இடைவெளி 25,500, பிறகு 30,600. சமமாகக் கொடுத்தது போலத் தெரியும், ஆனால் பள்ளம் 5,100 ரூபாய் ஆழமாகிவிட்டது. அங்கே அவர்களுக்கு 20% கொடுப்பதும் இல்லை, அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்துக் கூடும் பஞ்சப்படி மட்டும்தான் பெரும்பாலான இடங்களில் அவர்களின் ‘இன்கிரிமென்ட்’. மூன்று செட்டில்மென்ட் இப்படிப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் லைனில் இன்று இருக்கும் பள்ளத்தை நிர்வாகம் மட்டும் தோண்டவில்லை. சங்கங்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்களும் தோண்டியிருக்கின்றன, அவற்றில் சிலவற்றை எழுதிக்கொடுத்தது என்னைப் போன்ற வக்கீல்கள்.

சரி, ‘பங்கு’ விஷயத்துக்கு வருகிறேன். 210 பேருக்கும் மூன்று வருடத்தில் சேர்த்து 12,000 கேட்கிறீர்கள் என்றால் கம்பெனிக்கு மாதம் 25 லட்சத்து 20 ஆயிரம். அதை 10,000 ஆகக் குறைத்து, மிச்சத்தை கான்ட்ராக்ட் ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தால் கிடைப்பது 4 லட்சத்து 20 ஆயிரம், 380 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 1,100. நீங்கள் 2,000 இழந்து அவர்கள் 1,100 பெறுகிறார்கள். இந்தக் கணக்கைப் பொதுக்குழுவில் வைத்தால் யாரும் கைதூக்க மாட்டார்கள், தூக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். தியாகம் செய்யச் சொல்லி ஒரு சங்கத்தை நடத்த முடியாது. ஆனால் இந்தக் கணக்கே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. ‘இவ்வளவுதான் பணம், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு தொகையை மேஜையில் வைப்பது நிர்வாகம். பெர்மனென்ட் சம்பளம் ஹெச்.ஆர். பட்ஜெட்டில் வருகிறது, ஏஜென்சி பில் பல கம்பெனிகளில் பர்ச்சேஸ் பட்ஜெட்டில் போகிறது, போல்ட் நட்டு வாங்குகிற மாதிரி. இரண்டும் ஒரே பானை இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தலைக்கு 3,000 கூட்ட மாதம் 11 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும், அதை உங்கள் 12,000-லிருந்து எடுக்கச் சொல்வதை முதல் நாளே மறுக்க வேண்டும். ‘இது தனிக் கோரிக்கை, தனி எண், தனியாகப் பேசுவோம்’ என்று பட்டியலிலேயே எழுதுங்கள். அதே நேரம் உங்கள் 12,000-ஐ சதவீதமாக இல்லாமல் பெரும்பகுதி சம தொகையாகக் கேளுங்கள், கொஞ்சம் மட்டும் சர்வீஸ் வெயிட்டேஜாக, அதாவது வேலை செய்த வருடங்களுக்கு ஏற்ற கூடுதல் தொகையாக, வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 210 பேருக்குள்ளேயே பழைய கிரேடு, புதிய கிரேடு என்று பிளவு இருக்குமே, அதையும் இதுதான் சுருக்கும்.

இப்போது, ஏன் கேட்க வேண்டும் என்பது. மச்சினனுக்காக என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஒரு ஆலை. ஊர் பெயர் வேண்டாம். இருபது வருடத்துக்கு முன்பு அந்தச் சங்கத்துக்கு நான்தான் செட்டில்மென்ட் எழுதினேன். அப்போது பெர்மனென்ட் நானூறுக்கு மேல், கான்ட்ராக்ட்டில் ஐம்பது அறுபது பேர், அதுவும் லோடிங், கேன்டீன், தோட்டம். நல்ல செட்டில்மென்ட், அந்தப் பகுதியிலேயே அந்த வருடம் அதுதான் உயரம், கையெழுத்து ஆன அன்று மாலை மாற்றிக்கொண்டாடினோம். கான்ட்ராக்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை, யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த செட்டில்மென்ட்டில் நிர்வாகம் பேக்கிங்கை ஏஜென்சிக்கு விட்டது. அதற்கடுத்து அசெம்பிளியில் பாதி லைன். பிறகு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பெர்மனென்ட் ஒருவர் போனால் அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவில் ஒரு ஆள் வருகிறார் என்றால் எந்த நிர்வாகம் விடும்? கடைசியாக நான் அங்கே போனபோது பெர்மனென்ட் 150 சொச்சம். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தார்கள், மறுநாளும் கன்வேயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பள்ளம் பெரிதாகப் பெரிதாக பெர்மனென்ட் ஆளின் சம்பளம் உயர்ந்துகொண்டே போனது உண்மை, ஆனால் அந்தச் சம்பளத்தைக் காப்பாற்றும் சக்தி அவர்கள் கையிலிருந்து நழுவிவிட்டது. அந்தக் காகிதத்தில் ஒரு ஷரத்து சேர்த்திருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

இது ஒரு ஆலையின் கதை இல்லை. மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தால், 2000-01 வாக்கில் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கான்ட்ராக்ட், இப்போது ஐந்தில் இருவருக்கும் மேல். உங்கள் ஆலையில் மூன்றில் இருவருக்கு நெருக்கம். உற்பத்தியை நிறுத்தும் சக்தி இப்போது யார் கையில் இருக்கிறது என்று கமிட்டி நண்பர்களிடம் கேளுங்கள்.

நம் ஊரிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பக்கிங்ஹாம், கர்நாடிக் பஞ்சாலைத் தொழிலாளர்களை வைத்து, வாடியாவும் செல்வபதி செட்டியாரும் முன்னின்று. மூன்றே வருடத்தில், 1921-இல், அதே ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தம். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள், புளியந்தோப்பில் அது வீடுகள் எரியும் அளவுக்குப் போனது, சங்கம் தோற்றது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியே ஊரில் தள்ளிவைத்தவர்கள் கேட்டுக்குள் வந்ததும் தோழர் என்று கூப்பிட்டால் எதை நம்பி வருவார்கள்? இன்றைக்கு கேன்டீனில் தனி வரிசை, பஸ்ஸில் கடைசி சீட், வேறு கலர் யூனிஃபார்ம் என்று மூன்று வருடம் பார்த்துவிட்டு, ஸ்ட்ரைக் அன்று மட்டும் ‘வெளியே வா தம்பி’ என்றால் உங்கள் மச்சினனே யோசிப்பான்.

அப்புறம் பம்பாய். 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர். சம்பள உயர்வு கேட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பட்லி என்று அழைக்கப்பட்ட பதிலித் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கையில் முக்கியமானது. அங்கே 1946-ஆம் ஆண்டு மாகாணச் சட்டப்படி ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பேசும் உரிமை, தொழிலாளர்களோ அந்தச் சங்கத்தை நம்பாமல் தத்தா சாமந்த் என்ற வேறொரு சங்கத் தலைவரின் பின்னால் போனார்கள். பேசும் உரிமை ஒருவரிடம், தொழிலாளர்கள் வேறொருவரிடம். ஆலைகளில் பலவும் திரும்ப எழவேயில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால் புதிய சட்டத் தொகுப்பு அதே மாதிரியான ஒரு ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுவந்திருக்கிறது: ஒன்றுக்கு மேல் சங்கம் இருந்தால் 51% ஆதரவு உள்ள சங்கம்தான் பேசும் சங்கம், யாருக்கும் 51 இல்லையென்றால் 20% வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. நல்லதுதான், அங்கீகாரத்துக்கென்று சட்டமே இல்லாமல் தமிழ்நாடு இத்தனை காலம் ஓட்டியது பெரிய குறை. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததற்கு சங்கத்தின் பதிவும் அங்கீகாரமும்தான் மையமான காரணம், பதிவே 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. ஆனால் அந்த 51% எதில் கணக்கிடப்படுகிறது? ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில். ஏஜென்சி ஆள் ஏஜென்சியின் பதிவேட்டில் இருக்கிறான். ஆக 590 பேர் வேலை செய்யும் உங்கள் ஆலையில் 210-ஐ மட்டும் எண்ணி, அதில் 108 பேர் சொன்னால் பேச்சுவார்த்தை. மீதி 380 பேர் எண்ணிக்கையிலேயே இல்லை. சட்டம் எண்ணாததை சங்கம்தான் எண்ண வேண்டும்.

அதற்கு உங்கள் சங்க விதிகளை எடுத்துப் பாருங்கள். ‘நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் உறுப்பினராகலாம்’ என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் திருத்துங்கள். ஆலைக்குள் வேலை செய்யும் எவரும் உறுப்பினராகலாம் என்று மாற்றுவதற்குத் தடை இல்லை. ஆனால் உடனே அவர்களைச் சந்தா ரசீதோடு முன்னால் நிறுத்தாதீர்கள். ஏஜென்சி ஆளை எடுக்க ஒரு போன் போதும், ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்பதற்குக் காகிதம்கூட வராது. சமரசப் பேச்சு நடக்கும்போது நிபந்தனைகளை மாற்றவோ பழிவாங்கவோ முடியாது என்ற பாதுகாப்பு நடைமுறையில் உங்களுக்குத்தான் இருக்கிறது. அதனால் முதல் வரிசையில் நிற்க வேண்டியது நீங்கள்.

சரி, எதைக் கேட்பது? ‘380 பேரையும் நிரந்தரமாக்கு’ என்று எழுதினால் நிர்வாகம் அதைப் படித்துச் சிரித்துவிட்டு முதல் நாளே ஓரம் வைத்துவிடும், மூன்றாம் மாதம் நீங்களே அதைக் கைவிடுவீர்கள், 380 பேரும் அதைப் பார்ப்பார்கள். கான்ட்ராக்டே போலி என்று வழக்காடி ஜெயிக்கலாம், வருடக் கணக்கில் ஆகும். கான்ட்ராக்ட் முறையைத் தடை செய்தாலும் ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு நல்ல தீர்ப்பு, ஆனால் அது பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்களைப் பற்றியது, தனியார் ஆலையில் அதை நேராகக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ள சம ஊதியமும் ஆண் பெண் வித்தியாசத்துக்கு எதிரானது, பெர்மனென்ட், கான்ட்ராக்ட் வித்தியாசத்தை அது தொடவில்லை. வழக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இந்த செட்டில்மென்ட்டுக்குள் கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள் என்கிறேன்.

கிடைக்கக்கூடியது சம்பளத் தரை. உங்கள் ஆலைக்குள் எந்தக் கான்ட்ராக்டர் வந்தாலும், மெஷின் ஆபரேட்டருக்கு இவ்வளவு, ஹெல்பருக்கு இவ்வளவு என்பதற்குக் கீழே ஆள் வைக்கக் கூடாது, அந்தத் தொகையை ஏஜென்சி ஒப்பந்தத்திலேயே நிர்வாகம் எழுத வேண்டும், பஞ்சப்படி கூடும்போது அதுவும் கூட வேண்டும். இது கற்பனை இல்லை. கோல் இந்தியாவில் ஒன்பதாவது நிலக்கரிச் சம்பள ஒப்பந்த காலத்தில், நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கங்கள் உட்கார்ந்து பேசி, சுரங்க வேலையில் உள்ள கான்ட்ராக்ட் ஆட்களுக்கென்று தனி ஊதிய விகிதம் வாங்கினார்கள், 2013 ஜனவரியிலிருந்து நாளொன்றுக்கு 464 ரூபாயில் தொடங்கியது, சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியைவிடத் தெளிவாக அதிகம். பல இடங்களில் கான்ட்ராக்டர்கள் அதை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்ற புகார் தொடர்ந்து இருக்கிறது. அதனால் உங்கள் ஷரத்தில் கண்காணிப்பையும் சேர்க்க வேண்டும்: சம்பளம் வங்கிக் கணக்கில், சம்பளச் சீட்டு ஒவ்வொருவர் கையிலும், மாதம் ஒருமுறை சங்கப் பிரதிநிதி ஏஜென்சி பதிவேட்டைப் பார்க்கலாம், ஏஜென்சி கொடுக்கத் தவறினால் கம்பெனியே கொடுக்கும்.

அடுத்தது வேலைத் தொடர்ச்சி. கான்ட்ராக்டர் மாறினாலும் ஆட்கள் மாறக் கூடாது, முதல் நாள் தேதியை வைத்து மூப்புப் பட்டியல் ஒன்று கம்பெனியிடமும் சங்கத்திடமும் இருக்க வேண்டும், இனி பெர்மனென்ட் இடம் காலியானால் அந்தப் பட்டியலிலிருந்து இத்தனை சதவீதம் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் சம்பளத் தரையைவிடவும் இந்தப் பட்டியலுக்குத்தான் நான் அதிகம் சண்டை போடுவேன். ரூபாயை நிர்வாகம் எப்படியும் ஒரு நாள் ஏற்றும். பட்டியல் இருந்தால்தான் மச்சினன் பத்து வருடம் கழித்து ‘புது ஆள்’ ஆக நிற்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை, பலரும் மறப்பது. கான்ட்ராக்ட் ஆட்களின் மொத்த ஊதியம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போய்விடுவார்கள். கையில் 15,500 என்றால் பிடித்தம் போக என்று அர்த்தம், மொத்தம் 17, 18 ஆயிரம் இருக்கலாம், 18 ஆயிரத்தோடு 3,500 கூட்டினால் கோட்டைத் தாண்டிவிடும். பழைய போனஸ் சட்டத்திலும் அதே 21,000-தான் எல்லையாக இருந்தது. அதனால் தொகையைக் கேட்கும்போதே, எல்லையைத் தாண்டுகிறவர்களுக்குக் குடும்பத்தோடு மருத்துவக் காப்பீடும் பெர்மனென்ட் ஆட்களுக்கு இணையான போனஸும் என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் இ.எஸ்.ஐ. நின்ற பிறகு ஒரு பிரசவமோ ஆபரேஷனோ வந்தால் ‘சங்கம் எங்களைக் கெடுத்துவிட்டது’ என்பார்கள், அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். ‘கான்ட்ராக்ட் வேண்டாம் என்றால் ஃபிக்ஸட் டெர்ம் போடுகிறோம்’ என்று நிர்வாகம் சொல்லக்கூடும். பயப்பட வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுக்கப்படும் ஆளுக்கு, அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் குறையாத சம்பளமும் படிகளும் சலுகைகளும் தர வேண்டும் என்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பே சொல்கிறது, ஒரு வருடத்திலேயே பணிக்கொடையும் உண்டு. ஏஜென்சி ஆளுக்கு இல்லாத சட்ட உரிமை இது. ஆகவே அவர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் ‘சரி, எந்த கிரேடில் போடுகிறீர்கள்?’ என்று உடனே கேளுங்கள். காலம் முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்பது அதிலுள்ள ஓட்டை, அதனால் மூப்புப் பட்டியலை அங்கேயும் விடாதீர்கள்.

கையெழுத்து எங்கே போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் சொல்லும் 18(1), கம்பெனியும் சங்கமும் தனியாக உட்கார்ந்து போடுவது, கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டும். 12(3) தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது, ஆலையில் இருக்கிற, இனி வரப்போகிற எல்லோரையும் கட்டும். புதிய சட்டத்தில் எண்கள் மாறினாலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. கான்ட்ராக்ட் ஷரத்து இருக்கும் செட்டில்மென்ட்டை சமரச அலுவலர் முன்னிலையில்தான் போட வேண்டும், அதில் ஏஜென்சிகளையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் நாளை அவர்கள் ‘எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்ல வழி கிடைக்கும். அவசரப்பட்டு வேலையை நிறுத்தவும் வேண்டாம். இப்போது எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் சட்டவிரோதம், சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாளும் கூடாது, ஆட்களில் பாதிப்பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால்கூட வேலைநிறுத்தமாகவே கணக்கு.

இதெல்லாம் ஒரு ஆலைக்குள் செய்யக்கூடியது. ஆனால் உங்கள் ஆலை மட்டும் செய்தால் பக்கத்து ஆலை அதே பார்ட்டை மலிவாகச் செய்து ஆர்டரை எடுத்துக்கொள்ளும் என்று நிர்வாகம் சொல்லும், அது முழுக்கப் பொய்யும் இல்லை. 1951-இல் ஸ்வீடனின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு இதே சிக்கலில் நின்றபோது ரேன், மைட்னர் என்ற அவர்களுடைய இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு திட்டம் வைத்தார்கள்: ஒரே வேலைக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே சம்பளம், லாபம் கொழிக்கிற கம்பெனி கொடுப்பதும் தடுமாறுகிற கம்பெனி கொடுப்பதும் ஒன்றே, அதைக் கொடுக்க முடியாத கம்பெனி தன் மெஷினையும் முறையையும் மாற்றட்டும். அடுத்த முப்பது வருடத்தில் அங்கே சம்பள வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. 1983-இல் பொறியியல் துறை முதலாளிகளும் உலோகத் தொழிலாளர் சங்கமும் மையப் பேச்சுவார்த்தையிலிருந்து தனியே பிரிந்து போன பிறகு அது தளர ஆரம்பித்தது. நமக்கு ஸ்வீடன் தூரம் என்றால் திருப்பூர் இருக்கிறது. அங்கே பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஊருக்கே ஒரு சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். ஜாப் ஒர்க் கடைகளிலும் பீஸ் ரேட் ஆட்களிடமும் அது சரியாகப் போய்ச் சேருவதில்லை என்ற குறை நிஜம், ஆனாலும் பேசுவதற்கு ஊர் முழுவதற்கும் ஒரு மேஜை இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பகுதியில் இத்தனை வாகன ஆலைகள் இருந்தும் அப்படி ஒரு மேஜை இல்லை. மாநில அரசு இரண்டைச் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்: பேசும் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ரகசிய வாக்கெடுப்பில் ஆலைக்குள் உழைக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் வாக்கு, வாகன உதிரிபாகத் துறைக்கென்று பகுதி அளவில் சம்பளத் தரை பேசும் குழு. இதை உங்கள் மத்திய சங்கத்தின் மூலம் கேட்க வையுங்கள். ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். பொதுக்குழுவுக்கு முன்பு கமிட்டியில் இருப்பவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் முதல் தடவையாகச் சொன்னால் மறுப்பவர்கள் பின்வாங்க முடியாமல் போவார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் தெருவிலிருந்து ஏஜென்சியில் யார் வேலை செய்கிறார்கள்? உங்களுக்கு மச்சினன் என்றால் இன்னொருவருக்கு மகனாக இருக்கும். இந்தப் பகுதியில் அப்படி ஒருவர் இல்லாத பெர்மனென்ட் வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைனில் நிற்கும் பையன்களுக்கு இங்கே அப்படி ஒரு வீடு இல்லை, அவர்களோடு பேச இந்தி தெரிந்த ஒரு உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள், அவர்களை விட்டுவிட்டு 380 என்ற எண்ணிக்கை வராது.

மச்சினனிடம் இப்போதைக்கு எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவனுடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், வேலையில் சேர்ந்த தேதி, இந்த நாலையும் வாங்கி வையுங்கள், முடிந்தால் வேறு லைனில் உள்ள பத்துப் பதினைந்து பேருடையதையும், பெயரை மறைத்து. உங்கள் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, கையில் வாங்குவதை வைத்து இல்லாமல் மொத்த ஊதியத்தை வைத்து, அடிப்படை, பஞ்சப்படி, மற்ற படிகள் என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். பட்டியலை நிர்வாகத்திடம் கொடுப்பதற்கு முன் கான்ட்ராக்ட் ஷரத்தை மட்டுமாவது எனக்கு அனுப்புங்கள், வார்த்தைகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.